நெருப்புச் சடையாரின் எரியாத முடி

ஊரெல்லாம் ஒரே பேச்சு. நெருப்புச் சடையார் வந்துவிட்டார்! அவர் தலைமுடி தீயில் எரியாதாம். அதைப் பொடி செய்து மூக்கில் உறிஞ்சினால் தீராத நோயெல்லாம் தீருமாம். கேட்க வேண்டுமா? பழைய கிடங்கு ஒன்றில் கூட்டம் அலைமோதியது. வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் மூளையையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

முன்வரிசையில் தையற்காரர். நாலு படி ஏறினால் நெஞ்சு சீழ்க்கையடிக்கும். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் சடையார். பக்கத்தில் அவர் மனைவி. அவளை அடுத்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் தங்கை. கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள்.

“வாயை மூடிட்டு உக்காருடி” என்றாள் அக்கா.

சடையார் கொண்டையிலிருந்து ஒரு வெள்ளை இழையை உருவி மெழுகுவத்தியில் காட்டினார். இழை சிவந்தது, எரியவில்லை. கூட்டம் வாயைப் பிளந்தது.

“நூலைக் கொளுத்தியே துணியோட ஜாதகத்தைச் சொல்றவன் நான். எரியாத நூலை நான் பாத்ததே இல்ல. இது தெய்வச் சங்கதிதான்!” என்று மூச்சிரைத்தார் தையற்காரர். பாவம், தொழில் தெரிந்த மனுஷர் தொழிலாலேயே கவிழ்ந்தார்.

மனைவி சடையாரிடம் பொடிப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

தங்கை பாய்ந்து கையைப் பிடித்தாள். “மாமா, உங்க காலைப் பிடிக்கிறேன், மூச்சை இழுக்காதீங்க!” பொடி பறக்காதபடி பாட்டில் தண்ணீரை அதன்மேல் கொட்டினாள்.

“அபசாரம்!” என்று அலறினார் சடையார்.

“இருக்கட்டும் சாமி. தாடியும் உங்களோடதுதானே? அதுல ஒரு முடி குடுங்க, கொளுத்திப் பாப்போம்.”

சடையார் திருதிருவென்று விழித்தார். “தாடிக்கு... இன்னும் தவம் ஏறல.”

உச்சந்தலை வரை ஏறிய தவம் தாடிப் பக்கம் எட்டிப் பார்க்க மறந்துவிட்டதாம்!

தையற்காரருக்கு உறுத்தியது. சட்டைப்பையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தார். தாடி நுனியில் ஒரு நறுக்கு. தீயில் காட்டினார். சுர்ர்! கிடங்கு முழுக்கக் கருகல் நாற்றம்.

“அடப்பாவி! முடின்னா இப்படி நாறணுமே! அது ஏன்டா நாறல?”

கொண்டையைப் பிடித்தார். டோப்பா கையோடு வந்தது. உள்ளே ஒரு கல். அந்த வெள்ளை இழைகள் அதிலிருந்துதான் முளைத்திருந்தன.

“ஆட்டாதீங்க மாமா!” ஈரத்துண்டால் கல்லைச் சுற்றினாள் தங்கை. “இது ஆம்பிபோல் வகைக் கல்லு. பூமிக்கு அடியில பாறை விரிசல்ல கொதிக்கிற தண்ணி ஊறும். பாறையில இருக்கறதையே கரைச்சு, அந்தச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் மறுபடி நார் நாரா வளர வைக்கும். பேரே கல்நார், ஆஸ்பெஸ்டாஸ்னு சொல்லுவாங்களே, அதான். நீங்க போட்ட தையலைப் பிரிச்சிடலாம். இந்தத் தூசு நுரையீரல்ல தைச்சா யாராலயும் பிரிக்க முடியாது.”

“ஐயோ, என் கையாலேயே குடுத்தேனே!” என்று புருஷன் தோளில் சாய்ந்து அழுதாள் அக்கா.

சடையார் பின்வாசலில் பாதி மொட்டையாக மாட்டிக்கொண்டார். எல்லாம் முடிந்ததென்று நினைத்தால், பின்வரிசையிலிருந்து ஒருவர் பணிவாகக் கேட்டார்: “அப்போ இனிமே அந்தக் கல்லையே கும்பிட்டுக்கலாமாம்மா?”

கல்லில் தீப்பிடிக்காததில் அதிசயம் ஒன்றும் இல்லை ஐயா. இவ்வளவு நடந்தும் உமக்கு உறைக்கவில்லையே, அதுதான் அதிசயம். வாசலில் கழற்றி வைத்ததைப் போகும்போதாவது மாட்டிக்கொண்டு போம்!