கண் சிமிட்டாத டிரைவர்

போடிமெட்டு ரோட்டில் எமனே ஜீப்பு ஓட்டியிருந்தாலும் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஓட்டியது முழிக்கண்ணு டிரைவர்.

மூணாங்கிளாசோடு படிப்பை விட்டவன் நான். கூலிக்கு ஏலக்காய் பறித்து, எழுபதுகளிலேயே சொந்தத் தோட்டம் வாங்கியவன். யானையைக் கண்டு ஓடாத நான், அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் குலசாமியைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

மனுசன் கண்ணைச் சிமிட்டவே மாட்டார். "கொண்டை ஊசி வளைவுல ஒரு சிமிட்டு, ஊருக்கு ஒரு பாடை" என்பார். பனி படிந்து மறைக்கிறதென்று முன்கண்ணாடியையும் மடக்கிப் போட்டுவிடுவார். மலைக்காற்று முழுக்க அவர் கண்ணில்தான் அடிக்கும். இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, கன்னத்தில் தண்ணீர் வழியும்.

"டிரைவர் அண்ணே அழுகுறாருடி. நமக்குத் தெரியாத என்னமோ அவருக்குத் தெரியுது!" என்று தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தாலியைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினார்.

"மாப்ளே, எதுக்க வர்ற லாரி ஒண்ணா, ரெண்டா?"

"லாரியே இல்லண்ணே. அது பாறை!"

மறுநாளே போடியில் கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். "கண்ணு வறண்டு போச்சு" என்றார் டாக்டர். முழிக்கண்ணு பொங்கிவிட்டார்.

"வறண்டுச்சா? கொடங்கொடமா ஊத்துது! நீங்க கண்ணு பாக்குறவரா, கெணறு பாக்குறவரா?"

"எரிச்சல் தாங்காம ஊத்துற தண்ணிங்க அது, கண்ணுல தங்காது. சிமிட்டுனாத்தான் ஈரம் பரவும். இப்படியே விட்டீங்கன்னா கருவிழியில புண்ணு வந்துரும். அப்பறம் வண்டிய மறந்துர வேண்டியதுதான்."

அவர் முகம் வெளுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஜீப்பை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

பதினைந்து நாள் வண்டியைத் தொடவில்லை. சொட்டு மருந்து விட்டார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் வைத்தார். பார்வை தெளிந்து, முன்கண்ணாடியை நிமிர்த்தி வண்டியை எடுத்தார். ஆனால் சிமிட்ட மட்டும் பயம்.

"நீ ரோட்டப் பாத்துச் சொல்லு மாப்ளே, அப்பத்தான் மூடுவேன்."

நேர்ரோடு வந்ததும் நான் குரல் கொடுப்பேன்: "சிமிட்டுண்ணே!" பின்னாலிருந்து பத்துப் பெண்களும் கூவுவார்கள்: "சிமிட்டுண்ணே!" ஏதோ கட்சி ஊர்வலம் வருகிறதென்று லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அந்த வருசமே நான் புது ஜீப்பு வாங்கிவிட்டேன். அதில் மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் வண்டியில்தான் போய் உட்கார்ந்தேன். நாலு மாதத்தில் அவர் தானாகவே சிமிட்டப் பழகிவிட்டார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்வதை நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.