என் கல்யாண வீடியோவில் நான் இல்லை

பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் நான் பொறாமைப்பட மாட்டேன். வாழ்த்திவிட்டு அதில் ஒரு ரவுண்டும் போய்வருவேன். ஆனால் என் பெயர்கூடத் தெரியாத ஒரு ஸ்பெயின் நாட்டு சினிமா இயக்குநரை நினைத்து வயிறு எரிந்தவன், தங்கச்சிமடத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லாம் ரூபனால் வந்தது. நான் கட்டிக்கொள்ளவிருந்த ஜெனிட்டாவோடு கல்லூரியில் படித்தவன். எங்கள் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க அவனை அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். (அவனுக்குச் சுருள்முடி வேறு. என் முன்நெற்றியோ அப்போதே பின்வாங்கத் தொடங்கியிருந்தது.) கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவள் வீட்டில் மூவரும் கூடினோம். அவர்கள் இருவரும் ஒரு பழைய ஸ்பானியக் காதல் காமெடிப் படத்தைப் பற்றியே பேசினார்கள். "அந்தச் சிவப்புக் கலரு!" என்பான் அவன். "அந்தப் பொம்பளைங்க சண்டை!" என்று இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. (நான் மீன் கம்பெனிகளுக்கு ஐஸ் சப்ளை செய்பவன். அதுவரை அவளிடம் பேசியதெல்லாம் ஐஸ் பற்றித்தான்.) என் காதில் புகை வந்தது.

"நீங்க அந்தப் படம் பாத்திருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"ரெண்டு தடவ," என்றேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"அந்த டைரக்டரு ஸ்டைல் பிடிச்சிருக்கா?"

"பின்னே? ஏலே ரூபா, நம்ம கல்யாணத்தையும் அச்சு அசலா அப்படியே எடுத்துரு. ஒண்ணையும் மாத்தக் கூடாது."

ரூபன் திகைத்தான். "நெசமாவா அண்ணே? பெறகு வருத்தப்படக் கூடாது."

என் ரசனையைப் பார்த்து மிரண்டுவிட்டான் என்று பூரித்துப்போனேன். ஜெனிட்டாவும் என்னை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் நாலு பொய்கூடச் சொல்லியிருப்பேன்.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் ரூபனே வீடியோவைக் கொண்டுவந்து, இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துப் போட்டுக்காட்டினான். சிவப்பு ரோஜா, சிவப்புக் கம்பளம், வாடகை நாற்காலிகூடச் சிவப்பு. ஜெனிட்டாவின் முகம், ஜெனிட்டாவின் கண், சேலை மடிப்புக்காகச் சண்டை போடும் சித்திகள். தாலி கட்டும்போது என் முழங்கை. மோதிரம் மாற்றும்போது ஒரு விரல். சர்ச்சில் சாமியார் சம்மதம் கேட்டபோது என் குரல் மட்டும். முழுசாகத் தெரிந்த ஒரே ஆண் முகம், மாதா சுரூபத்தின் கண்ணாடிக் கூண்டில் கேமராவோடு பிரதிபலித்த ரூபனுடையது.

"ஏலே தம்பி, மாப்ள எங்க?" என்றார் மாமனார்.

"அந்த டைரக்டர் படத்துல பொம்பளைங்கதான் எல்லாம். ஆம்பளைங்க சும்மா ஓரத்துல வந்து போவாங்க. அண்ணன் ரெண்டு தடவ பாத்தவரு. ஒண்ணையும் மாத்தாதன்னு அவருதான் சொன்னாரு."

ஜெனிட்டா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாக்கவே இல்லைல்ல?"

"இல்ல."

"பெறகு ஏன் சொன்னீக?"

"நீ அவன்கூட அப்படிச் சிரிச்ச. எனக்குப் பொறுக்கல."

அதற்கு அவள் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ரூபனுக்குக்கூட அந்தச் சிரிப்பு வாய்த்ததில்லை.

ஆறு வருடமாகிவிட்டது. இன்றைக்கும் யாராவது விருந்தாளி வந்தால் மாமியார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவுகதான் எங்க மாப்ள. வீடியோல பாத்திருக்க மாட்டீக."