நெய்வேலியில் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை

செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் இந்த நூற்றாண்டில் எடுத்த படங்களை அந்த இரண்டு நாட்டுக்காரர்களைவிட அதிகமாகப் பார்த்தவர் ஒருவர் உண்டென்றால், அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று கேட் பாஸில் இருந்தது. மற்றபடி ஊருக்கே அவர் பெல்ட்தான். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தார். நான் டவுன்ஷிப் ஃபிலிம் சொசைட்டியின் செயலாளர், வயிற்றுப் பிழைப்புக்கு கிளார்க். பயப்படுவதுதான் என் முழுநேர வேலை. கிளார்க் உத்தியோகத்தை நடுவில் கிடைக்கிற நேரத்தில் பார்த்துவந்தேன்.

பெல்ட்டுக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை எளிமையானது. இயந்திரம் ஒன்றைப் பூட்ட செக் நாட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து நான்கு மாதம் தங்கினார். அவருக்கு உதவியாளாகப் போனவர் பெல்ட். இருவருக்கும் பொதுவாக முப்பது இங்கிலீஷ் வார்த்தை இருந்தால் அதிகம். ஊருக்குக் கிளம்பும்போது அந்த மனிதர் படங்கள் நிரம்பிய ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெல்ட் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்துகளைப் பிடித்துப் பிடித்து அத்தனையையும் பார்த்து முடித்தார்.

அதன் பிறகு சொசைட்டியில் வேறு நாட்டுப் படம் போட அவர் விடவில்லை. யாராவது ஈரான் என்று வாயைத் திறந்தால், “அங்க லிக்னைட் கீதா?” என்பார். பழுப்பு நிலக்கரி தோண்டுகிறவர்கள் பொய்யாகப் படம் எடுக்க மாட்டார்கள் என்பது அவர் சித்தாந்தம். செக்கும் ஸ்லோவாக்கும் ஒரே நாடாக இருந்து பிரிந்த விஷயத்தையும் அவர்தான் எங்களுக்கு விளக்கினார். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளாம், ஆனால் படம் மட்டும் இன்னமும் கூட்டாக எடுக்கிறார்களாம்.

எங்கள் ஆட்களுக்கு அந்த இங்கிலீஷைப் படிக்க வேகம் போதாது. அதனால் பெல்ட்டே திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று, எல்லோருக்கும் சேர்த்துத் தமிழில் பேசிவிடுவார். பனி கொட்டும் ஊரில் ஓவர்கோட் போட்ட கிழவர் சூப்பைத் தள்ளிவைத்துவிட்டு, “இன்னாடி இது, உப்பே இல்ல” என்பார். கிழவி, “வூட்ல கீறத துன்னு” என்பாள். அதில் பெல்ட் ஒரு விரதம் வைத்திருந்தார். படத்தில் இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்க்க மாட்டார், இருப்பதை விடவும் மாட்டார். விளங்காத இடம் வந்தால், “இத்து எனக்குப் புரியல, மன்னிச்சுக்குங்க” என்று மைக்கிலேயே ஒப்புக்கொள்வார். கணவனும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்ட காட்சியில், “இவங்க ஒண்ணும் பேசல, நானும் பேசல” என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

பார்வையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு காதல் படத்தில் சுரங்க விளிம்பில் நின்று நாயகியும் நாயகனும் பிரிகிறார்கள். அவள் அழுகிறாள். பின்னால், வெகு தூரத்தில், மண் வாரும் ராட்சத இயந்திரம் ஒன்று சுழல்கிறது. “பக்கெட்ல பல்லு தேஞ்சி கீது” என்றது மூன்றாவது வரிசை. இல்லை, மண் ஈரம் என்றது ஐந்தாவது வரிசை. வாக்குவாதம் முடிந்து எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கு வேறொருவனோடு கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தன.

டாக்குமெண்டரி என்றால் பெல்ட்டுக்கு உயிர். அங்கே சிலர் ஒரே குடும்பத்தைப் பத்து, பதினைந்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்து படம் எடுப்பார்கள். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, அதில் வந்த பெண் இப்போது குடிக்காமல் இருக்கிறாளா என்று இரண்டு வாரம் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்கும் கவலை வந்துவிட்டது. கவலை எனக்குச் சீக்கிரம் தொற்றும்.

இப்படி இருக்கையில், கான்ட்ராக்ட் ஆட்களில் கொஞ்சம் பேரை பர்மனென்ட் ஆக்க இன்டர்வியூ வந்தது. பெல்ட்டுக்கு வியாழக்கிழமை. அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது, இதை விட்டால் அடுத்த வாய்ப்பில்லை. இன்டர்வியூவில் உட்காரப்போகும் ஒரு பெரிய அதிகாரியை, விவரம் தெரியாமல், முந்தைய ஞாயிறு மாலைக் காட்சிக்கு நானே தலைமை தாங்க அழைத்துத் தொலைத்திருந்தேன். அந்த ஞாயிறுக்கு பெல்ட் எடுத்துவைத்திருந்த படம் எது என்று சனிக்கிழமைதான் கேட்டேன்.

செக் நாட்டில் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்படும் ஒரு கிராமத்தைப் பற்றிய டாக்குமெண்டரி அது. போதாக்குறைக்கு, எங்கள் சுரங்கத்துக்கு நிலம் எடுத்திருந்த வளையமாதேவிப் பக்கத்திலிருந்து தன் உறவுக்காரர்கள் நாற்பது பேரை வேறு வரச் சொல்லியிருந்தார்.

“வேற படம் போடுவோம் பெல்ட். அந்தக் கிழவர் கிழவி படம் நல்லாத்தான இருந்துச்சு?”

“அத்த ரெண்டு வாட்டி போட்டாச்சு சார்.”

“சரி, இதையே போடுங்க. ஆனா கொஞ்சம் மாத்திப் பேசிடுங்க. எல்லாரும் சந்தோஷமா டூர் போறாங்கன்னு சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அந்த ஹார்ட் டிஸ்க் கொடுத்த மனிதருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு ஐந்து மணிக்கு ஹால் நிறைந்தது. அதிகாரி முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். கிராமத்து ஜனம் பின்னால் உட்கார்ந்தது. படம் ஓட ஓட என் சட்டை நனைந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அதிகாரிகள் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குகிறார்கள். பெல்ட் ஒரு சொல் விடாமல் பேசிக்கொண்டு போகிறார். அடுத்து என்ன வருமோ என்று என்னால் இருக்க முடியவில்லை. பூனை மாதிரி நழுவிப் போய், மேடைக்குப் பக்கத்துச் சந்தில் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டேன்.

பவர்கட் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்பது என் திட்டம். அது தமிழ்நாடே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த காலம். வடலூரிலிருந்து சொந்தக்காரர்கள் எங்கள் ஃபேனுக்கு அடியில் உட்காரவே வருவார்கள். உலகத்தில் வேறு எந்த ஊரில் செய்திருந்தாலும் என் திட்டம் பலித்திருக்கும். கரண்ட் தயாரிக்கிற ஊரில், கரண்ட் தயாரிக்கிற ஆட்கள் முன்னூறு பேரை உட்காரவைத்துக்கொண்டு நான் கரண்ட்டை நிறுத்தியிருந்தேன். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மாறாக, பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப் பையிலும் டெஸ்டர் வைத்திருக்கிற ஜாதி. செல்போன் வெளிச்சத்தோடு ஒரு படையே சந்துக்குள் பாய்ந்து வந்தபோது, என் கை இன்னமும் ஸ்விட்ச் மேலேயே இருந்தது.

“இன்னா செக்ரட்டரி, நீங்களா?” என்றார் ஒரு டர்பைன்காரர். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெல்ட் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

“நாந்தாங்க நிறுத்தச் சொன்னேன். புரொஜெக்டர் சூடாயிட்சி.”

அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஸ்விட்சை அவரே ஏற்றினார்.

விளக்கு வந்தபோதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை களேபரத்திலும் அதிகாரி தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது முழுதாக வந்து சேர்வதற்குள் பெல்ட் மேடையை விட்டு இறங்கி, நேரே முன்வரிசைக்குப் போய், அவர் தோளைத் தொட்டார்.

“சார், எழுந்திருங்க. முக்கியமான எடம் வருது. தவற வுட்டா அப்பறம் எனக்கு மனசு கேக்காது.”

அதிகாரி விழித்தார். படம் பத்து நிமிஷம் பின்னுக்குப் போய் மறுபடி ஓடியது. கையெழுத்து வாங்கும் காட்சி. வீட்டுக்காரர்கள் மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள். ஓரத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஒரு பண்ணையாள் நிற்கிறார். கேமரா அவரைவிட்டு நகரவில்லை.

“இவுரு ஒண்ணும் பேசல” என்றார் பெல்ட். “இவுருக்கு நெலம் இல்ல. அதனால இவுருகிட்ட யாரும் கையெழுத்து கேக்கல.” அடியில் ஓடிய எழுத்து அதோடு நின்றது. பிறகு தன் விரதத்தைத் தானே உடைத்தார். “இத்து படத்துல இல்ல, நான் சொல்றது. எங்க அப்பாவும் காலம் பூரா கூலி வேலதான். அவுருகிட்டயும் யாரும் கேக்கல.”

பின்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இயந்திரத்தைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. படம் முடிந்ததும் அதிகாரி டீ குடிக்காமல் போய்விட்டார். அந்த ஆறிய டீயை நினைத்து நான் நான்கு நாள் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு இன்டர்வியூ நடந்த கட்டடத்துக்கு வெளியே நின்றேன். பெல்ட் சாவகாசமாக வந்தார். அதிகாரி என்ன கேட்டார் என்றேன்.

“அந்தத் தொப்பிக்காரர் அப்பறம் எங்க போனாருன்னு கேட்டாரு. தெரியலைன்னேன்.”

“ஒரு நல்ல இடமாப் பாத்து சொல்லியிருக்கக் கூடாதா?”

“படத்துல இல்லியே சார். எப்டி சொல்றது?”

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். கேட் பாஸில் ஒருமுறை பார்த்திருந்த அந்தப் பெயர் பதினேழாவதாக இருந்தது. அங்கேயே நின்று அவருக்கு போன் போட்டேன். அவர் ஷிஃப்டில் இருந்தார். கன்வேயர் ஓடும் இரைச்சலில் நான் சொல்வது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. “பர்மனென்ட், பர்மனென்ட்” என்று நான் கத்த, ரோட்டில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் அவருக்குக் கேட்டுவிட்டது. பிறகு, “இன்னா சார், அழுவுறீங்களா?” என்றார்.

இல்லை என்றேன். என் உத்தியோகத்துக்கு ஆர்டர் வந்த அன்றைக்கே அழாதவன் நான். போனை வைத்துவிட்டு, அந்தப் பட்டியலுக்கு முன்னால் நின்று, இவ்வளவு நாளும் நான் பயந்ததெல்லாம் ஒரு கூடப்பிறந்தவனுக்காகத்தான் என்று தெரிந்துகொண்டு, வேண்டிய மட்டும் அழுதேன்.