நேர்த்தி வைத்த குவாட்டர்பேக்

ஒரு விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனிடம் ஓர் அணியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் பயிற்சியாளர் மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிடுவான். எனக்கு இரண்டு வாரம்தான் எடுத்தது. இத்தனைக்கும் அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டம் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. (பந்து ஏன் மாங்காய் மாதிரி இருக்கிறது என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.)

என்னை இதற்குள் இழுத்துவிட்டவன் ரொஷான், என் சித்தியின் மகன். இத்தாலியின் பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னால் ஒரே கட்டிலில் இடத்துக்கு அடிபட்டுப் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு அவன் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. அங்கே கூட்டாளிகளோடு ஃபோனில் ஒரு கற்பனை லீக் நடத்தினான். அமெரிக்காவில் நிஜமாக விளையாடுகிற ஆட்களை நாம் நம் அணிக்கென்று எடுக்கவேண்டும். அங்கே அவர்கள் ஆடுவதற்கேற்ப இங்கே நமக்குப் புள்ளி. இவர்களுடையது ‘டைனஸ்டி’ வகை. எடுத்த ஆளை நாமாக விடும்வரை வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். ஏறக்குறையக் கலியாணம் மாதிரித்தான்.

அணியில் முக்கியமான ஆள் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர். ஒரு கிழமைக்கு ஒருவரைத்தான் இறக்கலாம்; பெஞ்சில் இருப்பவரின் புள்ளி நமக்குச் சேராது. என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள். முதலாமவருக்கு நான் வைத்த பெயர் கறண்ட். எப்போது வரும், எப்போது போகும் என்று கடவுளுக்கே தெரியாது. ஒரு ஞாயிறு நூல் பிடித்ததுபோல் எறிவார். அடுத்த ஞாயிறு எதிரணிக்காரன் கையில் பக்குவமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். மற்றவன் புதுப் பெடியன். வருடம் முழுக்கப் பெஞ்சில் இருந்தவன். அவனுடைய அணியின் பெரிய ஆளுக்குக் காயம் என்பதால் அந்த ஞாயிறுதான் முதன்முதலாக ஆடப்போகிறான்.

அந்த ஞாயிறுதான் எங்கள் லீக்கின் இறுதிப் போட்டியும். எனக்கும் ஜெனாவுக்கும். ஜெனா, ரொஷானின் பெரியப்பா மகன், டொரொன்டோவில் இருப்பவன். ரொஷானுக்கு அடுத்த கோடையில் கலியாணம். கோயிலில் அவன் பக்கத்தில் தோழனாக நிற்பது நானா ஜெனாவா என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் ரொஷான் ஃபோனில் தீர்ப்புச் சொன்னான்.

“ஃபைனலிலை வெல்லுறவன்தான் தோழன். பெரியாக்கள் ஒருத்தரும் வாய் திறக்கேலாது.”

எனக்கு அந்த இடம் வேண்டும். வேறு யாரும் அங்கே நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. (கோட்டுக்கு அளவும் கொடுத்துவிட்டேன்.)

பலெர்மோத் தமிழருக்கு ஒரு கஷ்டம் என்றால், சைவமோ, வேதம் என்கிற கிறிஸ்தவமோ, போகிற இடம் ஒன்றுதான்: பெல்லெகிரீனோ மலையில் குகைக்குள் இருக்கிற புனிதை சாந்தா ரோசலியாவின் கோயில். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இழுபட்டாலும் ஏறுவோம், பிள்ளை பிறந்தாலும் ஏறுவோம். இறுதிப் போட்டியன்று காலை, கீழே எங்கள் கோயில் பூசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று வாய்விட்டே கேட்டேன்.

“ரோசலியா அம்மா, இண்டைக்குக் கறண்ட் நல்லா எறியவேணும். எறிஞ்சால் வெறுங்காலோடை மலை ஏறி வாறன்.”

அம்மா கண்ணைத் திறந்தார். “ஆரடா அது கறண்ட்?”

“ஒரு பெடியன் அம்மா.”

“பாவம். என்ன வருத்தம் அவனுக்கு?”

“வருத்தமில்லை. ஒரு நாளைக்கு நல்லா இருப்பான், மற்ற நாள் சரியில்லை.”

“அதுவும் வருத்தந்தான்” என்று தன் பங்குக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

அத்தோடு ஃபோனை மூடி வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நான் கடலோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையில் பரிமாறுகிற வேலை பார்த்தேன். ஆட்டம் எங்கள் நேரத்துக்கு மாலை ஏழு மணிக்கு. அதற்கு முன்னர் ஆளைத் தீர்மானிக்க வேண்டும். மத்தியானத்திலிருந்து நான் இணையத்தில் நிபுணர்களை வாசித்தேன். பாதிப் பேர் கறண்ட் என்றார்கள், பாதிப் பேர் புதியவன் என்றார்கள். மண்டை காய்ந்துபோய், சமையற்காரர் சால்வோவிடம் இரண்டு பேரின் படத்தையும் நீட்டினேன். அவர் மட்டி கழுவிக்கொண்டே பார்த்தார். கறண்டைக் காட்டி, “இவன் ராத்திரி நித்திரை கொள்ளவில்லை” என்றார். புதியவனைக் காட்டி, “இவனைப் பார், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய முகம். இவனைப் போடு” என்றார்.

போட்டேன். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, சாமியிடம் கேட்டதையும் மறந்து, ஒரு மட்டிக்காரரின் பேச்சைக் கேட்டு மாற்றினேன். ஐயோ, என் புத்தியை என்னவென்று சொல்வது!

ஃபோனைப் பாண் கூடைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பரிமாறினேன். முதல் தட்டு கொண்டுபோய்த் திரும்பி வந்து பார்த்தால், கறண்ட் எறிந்து ஒரு டச்டவுன், இந்த ஆட்டத்தின் கோல் மாதிரி. இரண்டாவது தட்டு, இன்னொன்று. புதுப் பெடியனோ முதல் பந்தையே எதிரணிக்குக் கொடுத்தான், இரண்டாவதையும் அங்கேயே கொடுத்தான். பாதி ஆட்டத்தில் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். கறண்ட் வாழ்க்கையில் அப்படி ஆடியதே இல்லையாம். அவ்வளவு புள்ளியும் என் பெஞ்சில் கிடந்து நாறியது. நான் “அட நாசமாப் போவானே!” என்று கத்தியதில், பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு சின்யோராவின் மடியில் நெத்தலிப் பொரியல் போய் விழுந்தது.

வீட்டுக்கு வந்து அழாக்குறையாக அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அந்தப் பெடியன் நல்லா எறிஞ்சவனோ?”

“எறிஞ்சவன். ஆனா நான் அவனை இறக்கேல்லை அம்மா. தோத்துப்போனன்.”

“அது உன்ரை விசர். ரோசலியா அம்மா தன்ரை வேலையைச் செய்திட்டா. நீ சப்பாத்தைக் கழட்டு.”

அடுத்த ஞாயிறு, மார்கழிக் குளிரில், மழை நனைத்த கல்லுப் பாதையில் வெறுங்காலோடு ஏறினேன். அம்மா பஸ்சில் ஏறிப்போய் மேலே இருந்தார். (சப்பாத்தும் அவரிடம்தான்.) ரொஷான் வீடியோவில் வந்தான். பக்கத்தில் ஜெனா, காலைக் காட்டு காலைக் காட்டு என்று புரைக்கேறப் புரைக்கேறச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு வளைவில் மட்டும் ஃபோனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அழுதேன். கால் நோவு என்று பிறகு சொல்லிச் சமாளித்தேன். நோவு காலில் இல்லை.

கலியாணத்தில் ஜெனா தோழனாக நின்றான். நன்றாகத்தான் நின்றான், குறை சொல்ல முடியாது. விருந்தில் ரொஷான் என்னைத் தோளோடு இழுத்துக்கொண்டு போய்ப் பெண் வீட்டாருக்கு அறிமுகப்படுத்தினான்: “இவன்தான் என்ரை உண்மையான தோழன். இண்டைக்குப் பெஞ்சிலை வைச்சிருக்கிறம்.” கனடாவில் அரைவாசிச் சொந்தம் இன்றுவரை என்னைப் பெஞ்சுத் தம்பி என்றுதான் விசாரிக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. அந்த வருடமே கறண்டை வேறு அணிக்குக் கொடுத்தால் நல்ல விலை போகும், மாற்றி ஒரு இளம் ஆளை எடு என்று லீக்கில் எல்லாரும் சொன்னார்கள். மாற்றப் போனேன். அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“நேர்த்தி வைச்சு மலை ஏறின பெடியனைக் குடுக்கிறதோ? உனக்கு நெஞ்சிலை ஈரமில்லையோடா?”

அத்தோடு சரி. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அம்மா கறண்டின் கைக்கும் தோளுக்கும் தனியாக ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறார். என் அணி வருடா வருடம் கடைசியில் வருகிறது. கறண்ட் போன வருடம் விளையாட்டிலிருந்தே ஓய்வுபெற்றுவிட்டார். அதை அம்மாவிடம் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.