ஒழுகாத சிங்க்

சமையலறை சிங்க் ஒழுகவில்லை. தபால்காரருக்கு அதுதான் கவலை.

மதியத்திலிருந்து ஆறாவது முறையாகக் குனிந்து, சுவர்க்குழாயில் ஹோஸ் வந்து சேரும் நட்டைத் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்தே இருந்தது. மணி மூன்று. நான்கு மணிக்கு மேட்ச்.

"அங்க என்னங்க தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஒழுகுதான்னு பார்த்தேன்."

"எப்படி ஒழுகும்? முந்தாநாள் மறுபடியும் சொட்ட ஆரம்பிச்சுது. நானே ஸ்பேனர் எடுத்து ஒரு சுத்து முறுக்குனேன், நின்னுடுச்சு. அந்தப் பிளம்பர் மூணு தடவை வந்தும் செய்யாததை நான் ஒரு நிமிஷத்துல செஞ்சிட்டேன்!"

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். தபால்காரரோ இடிந்துபோய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடக் கடவுளே, இன்னைக்கு மேட்ச்!"

"மேட்சுக்கும் நட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

இருந்தது. அவர்கள் நாட்டு கால்பந்து அணி உலகக் கோப்பைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தகுதிச் சுற்றின் கடைசிப் படி வரை வந்து வழுக்கி விழுவது அதன் வழக்கம். தபால்காரருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஐந்து முறை விழுந்திருக்கிறது. ஐந்து முறையும் அவர் அழுதிருக்கிறார். முதல் முறை அப்பா மடியில், கடைசி முறை தபால் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

இந்த முறைதான் கடைசி மூன்று ஆட்டங்களிலும் வெற்றி. அந்த மூன்று ஆட்டங்களின்போதும் பிளம்பர் இவர் வீட்டு சிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கூப்பிட்ட நாளில் வராமல், மேட்ச் நேரமாகப் பார்த்து வந்து நிற்கிறாரே என்று மனைவி மூன்று முறையும் திட்டினாள். முதல் வெற்றியைத் தபால்காரர் தற்செயல் என்றே நினைத்தார். இரண்டாவதில் யோசித்தார். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும், சிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கால்களையும் பார்த்து யாருக்கும் தெரியாமல் கும்பிட்டுவிட்டார்.

இன்று ஜெயித்தால் உலகக் கோப்பை. டிரா ஆனாலும் போச்சு.

அவர் பால்கனிக்குப் போய் பிளம்பருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நான் தபால்காரர் பேசுறேன். இப்ப கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா?"

"சிங்க் ஒழுகுதா சார்?" பிளம்பர் குரலில் அப்படியொரு ஆர்வம்.

"இல்லண்ணே. சும்மா ஒரு டீ சாப்பிட்டுப் போகலாமேன்னு..."

"ஒழுகலயா?" குரல் இறங்கியது. "நல்லாக் குனிஞ்சு பார்த்தீங்களா? ஒரு சொட்டு கூடவா இல்ல?"

"ஒரு சொட்டு கூட இல்ல."

"அப்ப எப்படி சார் வர்றது? டீ குடிக்க வந்தவன் சிங்குக்கு அடியிலயா போய்ப் படுக்க முடியும்?"

நியாயமான கேள்வி. தபால்காரர் பொய் பேசாதவர், அடுத்தவர் தபால் அட்டையைக்கூடப் படிக்காதவர். அப்பேர்ப்பட்ட மனிதர் சொன்னார்:

"இருங்கண்ணே... ஐயோ, இப்ப ஒழுகுது!"

"கிளம்பிட்டேன் சார்!"

சொல்லியாகிவிட்டது. இனி ஒழுக வைத்தாக வேண்டும்.

மனைவி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனதும் ஸ்பேனருடன் சிங்குக்கு அடியில் நுழைந்தார். ஒரு சுற்று திருப்பினார். அழகாக ஒரு சொட்டு உருண்டு விழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு சொட்டுக்கு ஐந்து நிமிட வேலைதான், ஆட்டமோ தொண்ணூறு நிமிடம் என்று அவருக்குத் தோன்றியது. இன்னொரு சுற்று திருப்பினார். ஹோஸ் கழன்று, தண்ணீர் நேராக அவர் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"மாமா! மெயின் வால்வை மூடுங்க!"

மாமனார் ஃபிரிட்ஜ் பக்கத்து ஸ்டூலைவிட்டு அசையவில்லை. மூன்று ஆட்டமாக அதுதான் அவருடைய இடம்.

"போன மேட்ச்ல நான் பாத்ரூம் போக எந்திரிச்சப்பதானே கோல் வாங்குனோம்? அதுக்கு நீங்க ரெண்டு நாள் என்கூடப் பேசல, மாப்பிள்ளை. நான் எந்திரிக்க மாட்டேன்."

தபால்காரரே வழுக்கிக்கொண்டு ஓடி வால்வைத் திருகினார். அது இறுகிப்போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகியதில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் ஹாலுக்குள் போய், டிவிக்குக் கீழே கிடந்த பிளக் பெட்டியைத் தொட்டது. டப்பென்று ஒரு சத்தம். வீட்டில் மொத்தக் கரண்டும் போய்விட்டது. சட்டைப்பையிலிருந்த போன் அதற்கு முன்பே குளித்து முடித்திருந்தது.

மனைவி துவைத்த துணிகளோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"தானாக் கழண்டுடுச்சு."

"ஸ்பேனரும் தானா உங்க கைக்கு வந்துடுச்சா?"

அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், பிளம்பரின் கால்களைக் கும்பிட்டது உட்பட. "இந்தத் தடவையும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்று சொல்லும்போது அவர் முகம் தொங்கிப்போனது.

திட்டத்தான் வாயைத் திறந்தாள். கல்யாணமான பிறகு மூன்று முறை பார்த்த முகம் அது. அந்த முகம் வந்தால் ஒரு வாரம் சோறு இறங்காது, தெரு முழுக்கக் கடிதங்கள் வீடு மாறிப் போய்ச் சேரும். பாவமாக இருந்தது. பெருமூச்சு விட்டு, காய்ந்த போர்வைகளைத் தண்ணீருக்குக் குறுக்கே அணை மாதிரி போட்டாள்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிளம்பர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். குறடால் வால்வை மூடினார். கழன்று தொங்கிய ஹோஸைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஏதோ கேட்க வந்தவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று சிங்குக்கு அடியில் நுழைந்துகொண்டார்.

மாமனாரின் பேட்டரி ரேடியோ மட்டுமே மிச்சம். அவர் அதைக் காதோடு வைத்துக்கொண்டு, தன் ஆச்சரியம் தீர்ந்த பிறகே மற்றவர்களுக்குச் செய்தி சொல்பவர்.

"பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க சார்" என்றார் பிளம்பர். தபால்காரர் வேண்டுமென்றே எட்டாம் நம்பரைக் கொடுத்தார். பிளம்பர் அதை வைத்தே இருபது நிமிடம் முயன்றார்.

இடைவேளைக்குப் பிறகு மனைவி டீ கொடுத்தாள். அதை வாங்கப் பிளம்பர் தலையை வெளியே நீட்டினார். எதிரணி கோல் போட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிளம்பர் டம்ளரோடு உள்ளே போய்விட்டார். படுத்துக்கொண்டே டீயை எப்படிக் குடித்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

எழுபதாவது நிமிடத்தில் ஒன்றுக்கு ஒன்று. தபால்காரர் நகங்களை முடித்துவிட்டு விரலுக்கு வந்திருந்தார்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் பிளம்பரின் கால்கள் லேசாக அசைந்தன.

"அங்கேயே இருங்க!" என்று கத்தியது மனைவிதான். பிறகு வெட்கப்பட்டு, "அவசரமில்ல, பொறுமையாப் பாருங்க" என்றாள்.

"இன்னும் வேலை இருக்குக்கா" என்றது சிங்க்.

திடீரென்று மாமனார் ஸ்டூல் மேலேயே ஏறி நின்றுகொண்டு அலறினார்.

"யாரு மாமா? யாரு போட்டா?"

அவர் இன்னும் இரண்டு முறை அலறி, கண்ணைத் துடைத்து, மூக்கைச் சிந்தினார். "நம்ம ஆளுதான் மாப்பிள்ளை! முடிஞ்சுது! உலகக் கோப்பைக்குள்ள போயாச்சு!"

கணுக்கால் தண்ணீரில் மனைவியும் தபால்காரரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிளம்பர் வெளியே வந்தார். அவர் கண்களும் சிவந்திருந்தன. அந்தச் சந்தோஷத்தில் தபால்காரருக்கு மனசாட்சி உறுத்தியது.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. சிங்க் நிஜமாவே ஒழுகல. நீங்க அடியில படுத்திருந்தாதான் நாம ஜெயிப்போம்னு, நான்தான் நட்டைக் கழட்டி விட்டேன்."

பிளம்பர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். மூன்று பேரையும் ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

"ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும், அடுத்த மேட்ச்சுக்கும் நீங்க கூப்பிடணுமேன்னு நட்டை ஒரு சுத்து லூசா விட்டுட்டுப் போறவனே நான்தான் சார்; இவ்வளவு பெரிய மேட்ச்சை வச்சுக்கிட்டு அதைப் போய் முறுக்குனது யாரு?"