ஹாரன் சார் மீசையை எடுத்த கதை

பாலக்கோடு வட்டாரத்தில் எங்கள் ஹாரன் சாரைவிடச் சத்தமான ஒன்று இருந்ததில்லை. சர்க்கரை ஆலைச் சங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் அவர் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நான், ஐந்தாம் வகுப்போடு. அவர் பாடம் நடத்தினால் என் பிள்ளைகளும் படித்துவிடுவார்கள். தமிழ்த் தேர்வில் பாட்டு எழுதச் சொன்னால் ஒருத்தி பச்சையத்தைப் பற்றி எழுதி, படமும் வரைந்து வைத்தாள். ஒருமுறை ஒரு பையனைப் பார்த்து அவர் "நில்றா!" என்று கத்தியதில், ரோட்டில் போன டவுன் பஸ் நின்றது.

இப்படிப்பட்டவர் வகுப்புக்குத்தான் ஜான்சி வந்தாள். பிறவியிலேயே காது கேட்காது. அவள் அம்மா தக்காளி மண்டியில் கூலி வேலை பார்ப்பவர்.

"ஹாஸ்டலோட இருக்கற ஸ்பெஷல் ஸ்கூல்ல சேத்துடுங்கம்மா. நம்மால ஆவாது" என்றார் தலைமையாசிரியை.

"ஒரு தபா சேத்துப் பாத்துட்டோங்க மேடம். வூட்ட வுட்டுட்டு இருக்க மாட்டேங்கறா, சோறே திங்கலீங்க" என்று அந்த அம்மா அழுதார்.

ஹாரன் சார் நடுவே புகுந்தார். "என் தொண்டைக்குக் கேக்காத காதுங்களா? வுடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்."

அரையாண்டு வரை பார்ப்போம் என்றார் தலைமையாசிரியை.

முதல் நாள் அவர் போட்ட "உம் பேரு என்ன?" என்ற சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் ஊரைக் காலி செய்தன. என் வகுப்பில் மூன்று பேர் எழுந்து பெயர் சொன்னார்கள். ஜான்சி மட்டும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மத்தியானம் அவர் டிபன் பாக்ஸையே திறக்கவில்லை. "இந்தத் தொண்டைய வெச்சுத்தான் டீச்சர் இத்தனை வருசம் பொழப்பு ஓட்டினேன்" என்றார்.

மறுநாள் பக்கத்து வகுப்பில் மயான அமைதி. மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். தரையில் மல்லாந்து கிடந்தார். பிள்ளைகள் அவர் சட்டைக்குள்ளிருந்து முழம் முழமாகக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். சிறுகுடலாம்! அடுத்த வாரம் வாய் நிறையத் தண்ணீரோடு எரிமலை ஆனார். முதல் பெஞ்சு மொத்தமும் நனைந்தது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு வந்து, பாடப்புத்தகத் தமிழுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்தான் இப்போது முதலில் கை தூக்கினார்கள்.

போர்டு பக்கம் திரும்பிப் பேசினால் ஜான்சிக்கு உதடு தெரியாது. அப்போதெல்லாம் அவர்மேல் சாக்பீஸ் எறிய அவளுக்கு அனுமதி உண்டு. மற்றவர்களும் ஆசைப்பட்டார்கள். "லைசென்ஸ் அவளுக்கு மட்டுந்தான்டா!"

அப்படியும் அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. ஒருநாள் ஜான்சி அவருடைய மேலுதட்டைக் காட்டி, இரண்டு விரலால் கத்தரித்துக் காட்டினாள். அவருடையது உதட்டையே மூடும் ஐயனார் மீசை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்தது.

மறுநாள் வழுவழுவென்று ஒருவர் பள்ளிக்கு வந்தார். "யாருங்க, எந்தப் புள்ளையோட அப்பா?" என்றார் தலைமையாசிரியை.

"நாந்தாங்க மேடம்!"

ஜன்னல் அதிர்ந்த பிறகுதான் நம்பினோம்.

அரையாண்டு நெருங்கும்போது கல்வி அதிகாரி வந்தார். வகுப்பில் ஹாரன் சார் இதயமாக நின்று துடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ரத்தமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நுரையீரலுக்கு ஆள் போதவில்லை. ஜான்சி நேராகப் போய் அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். மூச்சை இழுத்து விடச் சொல்லிக் காட்டினாள். தலைமையாசிரியைக்கோ மூச்சே நின்றது.

"எவ்ளோ நேரம் சார் நான் மூச்சு வுடணும்?" என்றார் அதிகாரி.

"பெல் அடிக்கற வரைக்கும்ங்க."

விட்டார். அதற்குப் பிறகு ஹாஸ்டல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எட்டு முடித்து, போன ஜூனில் ஜான்சி டவுன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தாள். திறந்த அன்று அங்கிருந்து போன். "உங்க வாத்தியார் ஒருத்தர் எங்க ஒம்பதாங்கிளாஸ் கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு, போர்டு பக்கம் திரும்பிப் பேசாதீங்கன்னு எங்க டீச்சர மெரட்டறாருங்க. எழுந்திருக்க மாட்டேங்கறாரு."

"மத்தியானம் வரைக்கும் இருந்துட்டு வரட்டுங்க" என்றார் எங்கள் தலைமையாசிரியை.

அன்று காலை முழுக்க ஹாரன் சார் வகுப்பையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். என்னை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.