முகிலநாட்டில் காதம் நிலைபெற்ற வரலாறு

வாழ்க இளவரசன். செஞ்சி பேருந்து நிலையத்தருகே பகலெல்லாம் செல்போன் விற்றுக் களைப்பினும், இரவுதோறும் சார்ட் தாளில் மலைகளை நட்டு, ஆறுகளை ஸ்கெட்ச் பேனாவால் அவிழ்த்துவிட்டு, முகிலநாடு என்னும் முந்நீர் சூழ் பேருலகைக் கற்பனையில் ஈன்றெடுத்த வரைபட வேந்தன் வாழ்க.

அவ்வுலகில் மாந்தரை உலவவிட்டவள் அவன் தமக்கை மணிமொழி. அவள் செயலியில் எழுதிவந்த தொடர்கதையில், பகைவர் முற்றுகையால் பட்டினி கிடந்த பொன்னெயில் நகரைக் காக்க அரசி ஆழிமதி புரவியேறினாள். ஒரே பகலில் போய்ச் சேர்ந்தாள். அனந்தபுரத்து வாசகி ஒருத்தி கதையோடு வெளியான தம்பியின் வரைபடத்தைக் கண்டு, "நடுவுல நானூறு காதம் இருக்குது. அது குதிரையா, ராக்கெட்டா?" என்று வினவி எழுதினாள். அன்றே இல்லத்தில் போர்முரசு அதிர்ந்தது.

"ஒரு காதம்னா பத்து மைலு. போட்டது போட்டதுதான். அரசி மெதுவா வரட்டும்" என முழங்கினான் இளவரசன்.

"அதுக்குள்ள கோட்டைல இருக்கிற புள்ளைங்க செத்துடும்டா" என்றாள் மணிமொழி. அவள் கண் கலங்கியது நடிப்பன்று. அதைக் கண்டும் காணாதான்போல் அவன் ஸ்கேலைத் துடைத்தான். ஆயினும் உள்ளே ஏதோ உறுத்தியது.

எனவே பெருந்தன்மையுடன் ஒரு சாசனம் அருளினான்: மாவீரன் ஒருவன் ஓரிடத்தும் அமராது ஒரே மூச்சில் ஏறும் தொலைவே காதம். அம்மாவீரன் யாரென்ற வினாவுக்குத் தன் மார்பையே தொட்டுக் காட்டினான்.

ஞாயிறு காலை அதை அளக்க இருவரும் செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை அடிவாரம் அடைந்தனர். மதயானைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்தாற்போன்ற பாறைகளிடையே, வெயில் வேலெறிய, குரங்குப்படை மதில்மேல் அணிவகுத்து நோக்க, சிங்கவேறென முதற்படி மிதித்த அவ்வடலேறு, சற்றைக்கெல்லாம் மூச்சு உலைத்துருத்தியாய் இரைய, உச்சி இன்னும் வானிலேயே இருக்கக் கண்டு, மரநிழலொன்றில் சாய்ந்த கோபுரமென அமர்ந்தது.

பின்னால் வந்த தமக்கை கீழே நோக்கினாள். டிக்கெட் கொடுப்பவரின் சட்டைநிறம்கூடத் தெரிந்தது.

"இதான்டா காதம்."

"அப்போ கடலு குட்டையாப் பூடும்க்கா."

"போவட்டும். புள்ளைங்க பொழைக்கும்ல."

வேந்தன் பையைத் திறந்து வரைபடத்தை எடுத்தான். பொன்னெயிலின் சின்னஞ்சிறு சாளரங்களை மெல்லிய பேனாவால் வரைந்தவன் அவனே. அவற்றின் பின்னே முகங்கள் இருக்கலாம் என்று அதுவரை எண்ணியதில்லை. மடித்த வரைபடத்தை விரித்தான். பெருங்கடல்கள் சுருங்க, பேரரசுகள் ஒடுங்க, புதிய அளவைத் தன் கையாலேயே பொறித்தான். அன்று மாலை பொன்னெயிலின் வாயில் திறந்தது. ஆழிமதியின் பின்னே நெல்வண்டிகள் நுழைந்தன. முகிலநாடெங்கும் காதம் கோலோச்சியது.

மறுநாள் கால் வலித்ததால் இளவரசன் கடைக்கு லீவு போட்டான்.